ஐம்பத்தைந்து ஓம்

வூஹான் மின்சாதனச் சந்தையில் குளிர்காலம் வந்துவிட்டால் ஹாவ் தேஷெங்கின் கடையில் ஹீட்டர்கள் நிற்காமல் விற்றுப் போகும். அன்று காலை அவர் எள் விழுது பிசைந்த நூடுல்ஸோடு உட்கார்ந்திருந்தபோது ஓர் ஆள் உள்ளே வந்தார்.

"மொதலாளி, இந்த ஹீட்டர் எத்தன வாட்?"

"பெட்டியிலயே போட்டிருக்கே, ரெண்டாயிரத்து எரநூறு. போட்டுப் பத்து நிமிஷத்துல ஸ்வெட்டரக் கழட்டிருவீங்க."

வந்தவர் ஸ்வெட்டரைப் பற்றிக் கவலைப்படவில்லை. பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்துப் பிளக் பாயிண்டில் செருகி, அதன்மேல் ஹீட்டரைச் செருகினார்.

"எரநூத்தி இருபது வோல்ட். நாலு ஆம்பியர் கரண்ட் ஓடுது. ரெண்டையும் பெருக்குனா எண்ணூத்தி எண்பது வாட்தான் வருது. போட்டிருக்கறதுல பாதிகூட இல்லியே மொதலாளி."

ஹாவ் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வோல்ட்ட ஆம்பியரால வகுத்தா அம்பத்தஞ்சு ஓம். உள்ள இருக்கற கம்பியோட தடை அதுதான். பெட்டியில போட்டது நெசம்னா இருபத்திரண்டுதான் இருக்கணும்."

"மீட்டர்ல கோளாறா இருக்குமோ என்னவோ. டீ சாப்பிடறீங்களா?"

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு. சாம்பிளுக்கு இத எடுத்துக்கறேன். நாளன்னிக்கு இதே மாதிரி நாப்பது வேணும். ரெண்டுக்கும் ரசீது போட்டுருங்க." பெங் என்று பெயரைச் சொல்லிவிட்டு, டீயைத் தொடாமல் போய்விட்டார்.

உள்ளே இருந்து ஹாவின் மனைவி லியென்ஹுவா வந்தாள். "நாப்பதா? நல்ல யாவாரம்தானே, ஏன் மொகம் இப்படிப் போச்சு?"

"போலின்னு தெரிஞ்சும் நாப்பது கேக்கறான், ரசீதோட. இதுவே பொழப்பா அலையறவங்க இருக்காங்கடி. போலியாப் பாத்து வாங்குவாங்க. அப்புறம் கேஸப் போட்டு மூணு மடங்கு வாங்கிட்டுப் போவாங்க. எதிர்க்கடை வெச்சிருந்தானே தூ, அவன் என்ன ஆனான்? இப்ப பார்சல் வண்டி ஓட்டறான்."

"அப்ப சரக்கு இல்லேன்னு சொல்லிடு."

"சாம்பிள் கையில இருக்கே. சொன்னா நேரா ஸ்டேஷனுக்குப் போவான்."

ஹாவ் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். சொல்லக் கூசுகிற விஷயம் என்பதால் குரல் தானாகவே தணிந்தது. "நெசமான சரக்கையே குடுத்துரலாம்னு பாக்கறேன். ஒத்த சாம்பிளுக்குத்தானே மூணு மடங்கு? தந்துட்டுப் போறேன்."

லியென்ஹுவா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "குடிச்சிருக்கியா?"

குடிக்கவில்லை. ஸ்கூட்டரை விற்று, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மொத்த வியாபாரியிடம் நாற்பது நிஜ ஹீட்டர்கள் வாங்கினார். ஹாவின் சரக்கு அவற்றைப் பார்த்துச் செய்த நகல்தான் என்பதால் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொன்றையும் தானே அளந்து பார்த்தார். எல்லாம் இருபத்திரண்டு ஓம். தன் கடைப் பெட்டிகளில் அவற்றை அடுக்கும்போது அவருக்குக் கண் கலங்கியது.

"இத்தன வருஷத்துல ஒரு நாள் நியாயமா யாவாரம் பண்றதுக்கு இப்படி அழுவாங்களா?" என்றாள் லியென்ஹுவா.

சொன்னபடி பெங் வண்டியோடு வந்தார். பெட்டிகளை எண்ணி ஏற்றினாரே தவிர, மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை.

"அளந்து பாக்கலியா?" என்று ஹாவே கேட்டார்.

"எதுக்கு? சாம்பிள்தான் பாத்தாச்சே. உங்கள நம்பித்தானே வாங்கறேன்."

நடிக்கிறான் என்று ஹாவ் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் ஒரு போலீஸ்காரரோடு பெங் வந்து நின்றார். எதிர்பார்த்திருந்த ஹாவ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நாப்பதையும் அளந்து பாத்துக்கங்க சார்."

"அளந்தாச்சு," என்றார் போலீஸ்காரர். "எல்லாம் இருபத்திரண்டு ஓம்."

"அப்புறம் எங்கிட்ட என்ன குத்தம்?"

"என்ன குத்தமா?" பெங்கின் குரல் உடைந்தது. "என் விடுதியில ஒயரெல்லாம் கருகிப் போச்சுய்யா. பழைய கட்டடம், ரூமுக்கு அஞ்சு ஆம்பியருக்கு மேல தாங்காது. ஆனா ரெண்டாயிரத்து எரநூறுன்னு போட்ட ஹீட்டர் இருந்தாத்தான் தங்க வர்றவன் வாடகை கூடுதலாக் குடுக்கறான். மேல பெருசாப் போட்டு உள்ள கம்மியா இழுக்கற ஹீட்டருக்காக இந்தச் சந்தை பூரா மீட்டரோட அலைஞ்சேன். உன் ஒரு கடையிலதான் கெடச்சுது. நம்பினவன இப்படிக் கவுத்துட்டியே."

போலீஸ்காரர் சாம்பிள் ஹீட்டரை மேஜைமேல் வைத்தார்.

"காட்டுனது அம்பத்தஞ்சு, குடுத்தது இருபத்திரண்டு. ஒண்ணக் காட்டி வேற ஒண்ணக் குடுத்திருக்கீங்க. எந்திரிங்க, போலாம்."

"சார், காட்டுனதுதான் சார் போலி."

"அதப் பத்தி யாரும் புகார் குடுக்கலியே."

இத்தனை ஆண்டு வியாபாரத்தில் ஹாவ் தேஷெங்மீது முதல் மோசடி வழக்கு பதிவானது, முதன்முதலாக நல்ல சரக்கு விற்றதற்காக.