நத்தை போட்ட துளை

கடலடி மணலில் ஒரு நத்தை இருந்தது. கண் தெரியாது. நாக்கால் சங்கை அராவித் துளை போட்டு, உள்ளே இருக்கும் பூச்சியைத் தின்பது அதன் பிழைப்பு.

ஒருநாள் நல்ல பசி. வழியில் கிடந்த சங்கின் முதுகில் ஏறி அராவத் தொடங்கியது. பூச்சி செத்துக் காலியான அந்தச் சங்கில் குடியிருந்தது ஒரு நண்டு. சத்தம் கேட்டுப் பதறி வெளியே ஓடி வந்தது.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"உள்ளே இருக்கிறவனைச் சாப்பிடப் போறேன்."

உள்ளே இருந்தது தான்தான் என்று நண்டு சொல்லவில்லை. "வாசல் திறந்துதானே கிடக்கு?"

"வாசல் வழியா எவன் வேணும்னாலும் போவான் தம்பி. துளை போடறதுதான் வேலை."

கடல் ஏறி, வற்றி, மறுபடியும் ஏறியது. துளை விழுந்தது. நத்தை மூக்கை விட்டுத் துழாவியது.

"ஒருத்தனையும் காணோமே."

"அது என் வீடு அண்ணே. நீங்க ஆரம்பிச்சதுமே வெளியே வந்துட்டேன்."

"நண்டா? நண்டு எனக்கு ஆகாதே."

நத்தை மூக்கை வெளியே இழுத்துக்கொண்டு, "அது கிடக்கட்டும். துளை எப்படி?" என்றது.

நண்டு கொடுக்கால் சுற்றித் தடவிப் பார்த்தது. "பிசிறே இல்லை. வளையல் மாதிரி இருக்கு."

"பின்னே" என்று நத்தை வெறும் வயிற்றோடு கம்பீரமாக நகர்ந்தது.

நண்டு உள்ளே போய்ப் படுத்தது. துளை வழியாகக் குளிர்ந்த தண்ணீர் சுகமாக வந்தது. வாசலுக்கு வந்து கூப்பிட்டது.

"அண்ணே, அந்தப் பக்கமும் ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும். உங்களை மாதிரி வேற யாரு போடுவா?"

"பசிக்குது தம்பி, முடியாது" என்று சொல்லிக்கொண்டே நத்தை திரும்பி வந்தது.