தொண்டையில் சிவப்பு விளக்கு

அன்று மாலை அங்கே இருந்தவர்கள்: கதவுக்கு வெளியே மங்களவல்லி, உள்ளே அவள் கணவன் திருமேனி, சோபாவில் பூனை.

ஒரு நாள் இரவுப் பணியைப் பாதியில் உதறிவிட்டு வீட்டோடு வந்துவிட்ட திருமேனி, அதன்பிறகு உருப்படியாகச் செய்தது யோகா ஒன்றுதான். அதிலும் சவாசனம் மட்டும். பிணம்போலக் கிடப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால், ஆளின் உடம்புச் சக்கரங்களைப் படித்துக் காட்டும் வாசல் கதவின் ஏழு விளக்குகளும் அவனுக்கும் பூனைக்கும் எப்போதும் பச்சையாகவே எரிந்தன. ஒரு சக்கரம் கலங்கியிருந்தாலும் அந்தக் கதவு ஆளை உள்ளே விடாது, உள்ளே இருப்பவரை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவும் செய்யாது.

"என்னங்க, இன்னிக்கும் தொண்டைச் சக்கரம் சிவப்பு காட்டுது. ஆபீஸ்லேர்ந்து வந்து நின்னு நின்னு கால் வலிக்குது."

"வண்டு மாதிரி ரீங்காரம் போடு, சரியாயிடும்" என்றான் திருமேனி, படுத்தபடியே.

போட்டாள். சிவப்பு அசையவில்லை.

"எதையோ முழுங்கி வச்சிருக்கே. சொல்லிடு, திறந்துக்கும்." குருவாகவே மாறிவிட்டான்.

"சொல்லட்டுமா?"

"தாராளமா."

"நீங்க பண்றது யோகா இல்ல, தூக்கம். சம்பாதிக்கிறதும் நான், வந்து சமைக்கிறதும் நான். இந்தக் கதவுக்கு நீங்க நல்ல புருஷன். எனக்கு யாரு?"

கதவு உடனே திறந்தது. மங்களவல்லி ஏழு பச்சையோடு உள்ளே வந்தாள். திருமேனிக்கோ மூலாதாரத்திலிருந்து உச்சந்தலை வரை ஒன்றுவிடாமல் சிவந்தது. அவள் சொன்னதில் ஒரு பொய்யாவது இருக்குமா என்று தேடிப் பார்த்தான், அகப்படவில்லை.

"கலங்கியவர் வெளியேறவும்" என்றது கதவு, மரியாதையாக.

மங்களவல்லி யோகா பாயைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள். "வராந்தால போட்டுக்குங்க. இந்தத் தடவை முழிச்சுக்கிட்டுப் பண்ணுங்க."

அவன் வாசலைத் தாண்டியதும் கதவு சாத்திக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் பூட்டு விழும் சத்தம் கேட்டது.