இரண்டு எஞ்சின்களின் மௌனம்

“கண்காட்சிக்குன்னு இரவல் வாங்கிட்டுப் போய் என் எஞ்சினை ஊமையாக்கிட்டியேடா! இனி இந்த வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே!”

அண்ணன் எரிந்து விழுந்தார். நேற்றுக் காலை திரும்பி வந்த அந்த மாடல் ரயில் எஞ்சின் இன்று ஓடியதே தவிர, மூச்சுக்கூட விடவில்லை.

“திருப்பிக் கொடுத்தப்போ காது கிழியக் கூவிச்சே அண்ணா!” என்ற தம்பி, எஞ்சினைச் சோதித்தான். ஸ்பீக்கர் பழுதில்லை, ரிமோட்டின் கட்டளையை வாங்கி ஒலி எழுப்பும் டிகோடர் சில்லும் பழுதில்லை. “யாரோ சத்தத்தை ஜீரோவுல வச்சிருக்காங்க.”

“யாரோ என்ன யாரோ? நீதான்!”

அண்ணி எட்டிப் பார்த்தாள். “நேத்து சாயங்காலம் தலைவலின்னதும் நீங்கதானே சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சீங்க?”

“அது இன்னொரு எஞ்சின், புதுசு! அதையும் ஓட்டலை, நிக்கவச்சுதான் குறைச்சேன். இது சும்மா பின்னாடி நின்னுது.”

“அதே தண்டவாளத்துலயா?” என்றான் தம்பி. “ரிமோட்ல கூப்பிடுற நம்பரைப் புதுசுக்கு மாத்தினீங்களா?”

அண்ணன் இரண்டு எஞ்சின்களையும் மாறி மாறிப் பார்த்தார். கடையிலிருந்து வரும் எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் எண் மூன்றுதான்; பழையதும் மூன்றே. மூன்றாம் எண்ணுக்கு ரிமோட்டில் இட்ட கட்டளைக்கு இரண்டுமே பணிந்திருந்தன.

“ரெண்டும் சேர்ந்தா கத்திச்சு? அதான் அப்படி ஒரு தலைவலி!” என்றாள் அண்ணி.

தம்பி செருப்பை மாட்டினான்.

“எங்கடா கிளம்பிட்டே?” அண்ணன் தொண்டையைச் செருமினார். “புதுசுக்கு வேற நம்பர் போட்டுக் குடு. எனக்குத்தான் அது சரியா வரலையே.”