படகு நனையுது

"ஐயோ, இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்க! படகு நனையுது பாருங்க!"

மனைவி கத்திய கத்தலில் பிளம்பர் பதறிப்போய் இரண்டு கைகளையும் உயர்த்தினார். கையில் இருந்தது வெனிஸ் நகரத்துப் போஸ்டர். தெருவுக்குப் பதில் கால்வாய், காருக்குப் பதில் படகு, காலம் காலமாகத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நிற்கும் பழைய மாளிகைகள். அதைச் சமையலறைக் குழாய்க்கு நேர் மேலேதான் ஒட்ட வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"ஹால்ல ஒட்டினா வர்றவங்க நாலு பேர் பார்ப்பாங்களே?"

"இதுக்கு இந்த இடம்தாங்க பொருத்தம்," என்றாள், பல்லால் டேப்பைக் கிழித்தபடி. "அப்புறம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும் கேக்கணும்னு..."

செல்போன் அலறியது. பேக்கரிக்காரர். மாடித் தொட்டி வழிந்து மாவு மூட்டையெல்லாம் நனைகிறதாம். பிளம்பர் பையைத் தோளில் மாட்டினார். காலில் இடறிய வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஓடினார்.

"இதோ வந்துடறேன். வந்ததும் கேளு!"

அவர் அப்படித்தான். ஊரில் எவர் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணமான மறுநாளே யாருடைய மோட்டாரையோ சரிசெய்யப் போனவர், இன்றுவரை மனைவியை எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. அந்தக் குறை அவர் மனதை உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

அடுத்த வாரம் குளியலறைச் சுவரில் இன்னொரு வெனிஸ் முளைத்தது. அதற்கடுத்து, துணி துவைக்கும் இடத்தில் ஒரு பாலமும் இரண்டு படகுகளும். போஸ்டர்கள் வந்தது மைத்துனன் வேலை பார்க்கும் டிராவல்ஸ் ஆபீஸிலிருந்து என்பதால், பிளம்பர் நேரே அங்கே போய் உட்கார்ந்தார்.

"மாப்ளே, உங்க அக்காவுக்கு என்ன ஆச்சு? வீடு பூரா ஒரே ஊரா ஒட்டி வெச்சிருக்கா."

"எனக்கும் அதான் மாமா ஆச்சரியம். பழைய போஸ்டர் ஒரு கட்டு கிடந்தது. மலை இருக்கு, பாலைவனம் இருக்கு, பனி இருக்கு. அக்கா எதையும் திரும்பிக்கூடப் பார்க்கல. 'தெருவெல்லாம் தண்ணியா நிக்குமே, அந்த ஊர் மட்டும் குடுடா'ன்னு பொறுக்கி எடுத்துட்டுப் போனா."

"அப்படின்னா?"

"அப்படின்னா ஆசை மாமா! வாயைத் திறந்து கேட்டா நீங்க எங்க நின்னு கேக்கறீங்க? அதான் சுவத்துல ஒட்டி ஜாடை காட்டறா."

இவளுக்கு இப்படி ஒரு ஆசை இருந்து, அது தெரியாமல் ஊரான் வீட்டுக் குழாயைக் கட்டிக்கொண்டு அழுதோமே என்று பிளம்பருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. எப்படியாவது அவளை அந்த ஊருக்குக் கூட்டிப்போய்விடுவது என்று அங்கேயே தீர்மானித்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. ஓட்டலுக்கு ஓடினார், பள்ளிக்கூடத்துக்கு ஓடினார், புதிதாகக் கட்டும் அடுக்குமாடிக்கு ஓடினார். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கையோடு குறட்டை. அவர் உழைக்க உழைக்க வீட்டில் வெனிஸ் பெருகிக்கொண்டே போனது. ஒவ்வொரு புதுப் போஸ்டரையும் பார்க்கும்போது, 'பாவம், ஏங்கியே இளைச்சிடுவா போலிருக்கே' என்று இன்னும் வேகமாக ஓடினார்.

ஒருநாள் சாயங்காலம், என்றும் இல்லாத அதிசயமாகச் செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். மனைவியின் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். அவள் பிரித்துப் பார்த்தாள். கண் அகன்றது.

"வெனிஸுக்கா? நாம ரெண்டு பேருமா?"

"வேற யாரு? இனிமே நீ போஸ்டரைப் பார்த்துப் பார்த்து ஏங்க வேண்டாம்."

அவள் டிக்கெட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"எதுக்குச் சிரிக்கிறே? அன்னிக்கு இதைத்தானே கேக்க வந்தே?"

அவள் டிக்கெட்டை நனையாத இடமாகத் தேடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

போன் அடிக்காததால் வீடு அமைதியாக இருந்தது. சொட். படகுக்குக் கீழே இருந்த குழாயிலிருந்து ஒரு துளி வாளிக்குள் விழுந்தது. குளியலறையிலிருந்து இன்னொரு சொட் அதற்குப் பதில் சொன்னது.

"நீங்க கூட்டிட்டுப் போற ஊருக்குச் சந்தோஷமா வர்றேன்," என்றாள் அவள், அவர் தோளில் சாய்ந்துகொண்டு. "ஆனா அன்னிக்கு நான் கேக்க வந்தது வேற."

"வேற என்ன?"

"உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல பிளம்பர் யாராவது இருக்காங்களா?"