கடைசி ஓரம்

“மெஷினைச் சுத்தி எடுத்துட்டுப் போக, பழைய ஜமுக்காளம், கயிறு எல்லாம் கையோட கொண்டாந்துட்டேன். நீ பாட்டுக்குத் தை. நான் ஒண்ணும் அவசரப்படுத்தல” என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டுத் தையல் மெஷினுக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள் நாத்தனார்.

“கயிறு வந்த வழியே திரும்பித்தான் போகப்போகுது அண்ணி. பாத்துக்கிட்டே இருங்க!” என்றாள் தையல்காரி. மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

தையல்காரி என்று பேர்தான். இத்தனை வருஷத்தில் முழுதாக ஒரு போர்வை அவள் கையிலிருந்து வெளியே வந்ததில்லை. கட்டிலுக்கு அடியில் பாதி முடிந்த நட்சத்திர விரிப்பு. பீரோவின் மேல், பஞ்சு வைக்காத மெத்தை உறை. பார்த்த துணியையெல்லாம் வெட்டுவாள், புதுசாக ஒன்றை ஆரம்பிப்பாள், பழசை மறந்துவிடுவாள். சாப்பாட்டு மேஜை முழுக்கத் துணித் துண்டுகள் என்பதால், அந்த வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுவார்கள்.

போன வாரம் நாத்தனார் கிண்டல் செய்தபோது ரோஷம் வந்து வாயை விட்டுவிட்டாள். “என் தங்கச்சி பையன் வர்றதுக்குள்ள அவனோட தொட்டில் போர்வையை முடிக்கலைன்னா, மெஷின் உங்களுக்கு!”

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. மெஷின் இல்லாத வீட்டில் அவளால் ஒரு நாள் இருக்க முடியாது. ஆனால் உட்கார்ந்து தைக்கத் தைக்க, பயம் போய் வேறொரு வேகம் வந்துவிட்டது. துண்டுகள் எல்லாம் சேர்ந்தன. பஞ்சு, அடித்துணி வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தாயிற்று. ஓரப்பட்டியில் மூன்று பக்கம் முடிந்துவிட்டது. பாக்கி ஒரே ஒரு பக்கம்!

“இந்தக் கட்டம் போட்டது என் சட்டை மாதிரி இருக்கே?” போர்வையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார் கணவர்.

“உங்க சட்டைதான். நீங்க ஒல்லியா இருந்தப்பப் போட்டது. கையை எடுங்க, தையல் கோணிடும்!”

கணவரின் போன் அடித்தது. பேசிவிட்டு ஓடிவந்தார். “சகலைதான். மேம்பாலம் இறங்கிட்டாங்களாம்!”

“ஐயோ! பையன் எப்படி வர்றானாம்?”

“வழியெல்லாம் ஒரே தூக்கமாம். பசிச்சா மட்டும் கண்ணைத் திறக்கிறானாம்.”

“தூங்கட்டும், தூங்கட்டும். அவன் வயித்துல இருக்கிறப்பவே என் தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்தேன். இன்னும் ஒரு சாண்தாங்க!”

மெஷின் கடகடவென்று ஓடியது. நாத்தனார் நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். கடைசி மூலை வந்தது. தையல்காரி நூலை அறுத்து, போர்வையை இரண்டு கையாலும் உயரத் தூக்கி, “முடிஞ்சுது!” என்று கத்தினாள்.

கத்தி வாய் மூடவில்லை, கடைசிப் பக்கத்து ஓரப்பட்டி அப்படியே கழன்று தொங்கியது.

பாபினைத் திறந்து பார்த்தார்கள். காலி. அடிநூல் எப்போதோ தீர்ந்துபோய், அந்தப் பக்கம் முழுக்க வெறும் ஊசிக் குத்தாகவே ஓட்டியிருந்தாள்.

“இனிமே நூல் சுத்தி, மாட்டி... தெருவுக்குள்ள வந்திருப்பாங்களே!” தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

“எதுக்கு நிக்கிற? கையால போடு!” என்று ஒரு அதட்டல். அதட்டியது நாத்தனார்! “நீ அந்த மூலையிலேர்ந்து வா, நான் இந்த மூலையிலேர்ந்து வரேன். டேய் தம்பி, என்னடா வேடிக்கை? ரெண்டு ஊசியில நூலைக் கோத்துக் குடுடா!”

கணவர் நூலை எச்சில் தொட்டுக் கோத்துக் கொடுத்தார். இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து, போர்வையை மடியில் பரப்பிக்கொண்டு பறந்தார்கள்.

“நெருக்கிப் போடுங்க அண்ணி!”

“எனக்கே சொல்லித் தர்றியா? உன் பக்கம் பாருடி!”

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம். இரண்டு ஊசியும் நடுவில் முட்டிக்கொண்டன. நாத்தனார் முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். “ஜெயிச்சுட்டோம்!” என்று இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். பாதிக் குதிப்பில்தான் நாத்தனாருக்கு உறைத்தது.

“அடக் கடவுளே, மெஷின் போச்சே!”

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். தையல்காரி போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். உள்ளே வந்த தங்கை அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா! நிஜமாவே முடிச்சிட்டியா?”

“முடிச்சுப்புட்டேன்டி! என் வாழ்க்கையிலேயே முழுசா முடிச்ச முதல் போர்வை! எங்க அவன்? என் கையாலதான் போர்த்தணும்.”

“இதோ, பின்னாலயே வர்றான் பாரு.”

கைக்கொன்றாகப் பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, நிலையில் இடித்துக்கொள்ளாமல் தலையைக் குனிந்து உள்ளே வந்த மீசைக்கார இளைஞன், பெரியம்மா எக்கி எக்கித் தோளில் போட்ட போர்வை முதுகில் பாதிகூட எட்டாததைப் பார்த்துச் சிரித்தான்.

“கவலைப்படாதீங்க பெரியம்மா, அடுத்த மாசம்தான் எனக்குக் கல்யாணமாச்சே... நான் பொறந்ததுக்குத் தைச்சது வீணாப் போகாது!”