ஏழாவது டேப்

ஆறுதான் இருந்தது.

அவள் மறுபடியும் எண்ணினாள். உள்ளங்கையில் சிவப்பு டேப் துண்டுகள் சுருண்டு கிடந்தன.

ஆறேதான்.

காலையில் ஒட்டியது ஏழு.

பைக் டாங்கில் புலியும் மண்டை ஓடும் வரைந்து பிழைப்பவளை, விமானப்படை ஹெலிகாப்டரின் கதவில் இருவாச்சிப் பறவை வரையக் கூப்பிட்டிருந்தார்கள். ஏர்பிரஷ்ஷைத் தொடும் முன்பே, சார்ஜென்ட் தணிகைவேல் கதவுக்குப் பின்னால் மிளகளவு ஓட்டை ஒன்றைக் காட்டினார். எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம் என்று பைலட்டுக்குச் சொல்வது அதுதான். அடைத்துக்கொண்டால் பொய் சொல்லும்.

பெயின்ட் புகாமலிருக்க அதன்மேல் ஒன்றும், படத்தைச் சுற்றி ஆறுமாக டேப் ஒட்டியது அவள்தான்.

அலகுக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தபோது சைரன் அலறியது. மலையில் வெள்ளம். ஆற்று நடுவே பாறையில் எட்டுப் பேர். கையில் அகப்பட்டதையெல்லாம் உரித்துக்கொண்டு விலகி நின்றாள். சார்ஜென்ட் ஒரு சுற்று வந்து தலையசைத்தார். அவர் பார்த்திருப்பார்.

பார்க்காமல் விட்டிருந்தால்?

ஹெலிகாப்டரின் விசிறி சுழலத் தொடங்கிவிட்டது. மலையை மேகம் மூடியிருந்தது.

ஓடினாள். பைலட்டின் கண்ணில் படும்படி நேர் எதிரே, இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காகத் தூக்கிக்கொண்டு. துப்பட்டா எங்கோ பறந்து போனது.

விசிறி நின்றது.

சார்ஜென்ட் ஓட்டையைத் தடவிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

நான்கு நிமிடம் போச்சு. யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஹெலிகாப்டர் போன பிறகு முகத்தைத் துடைக்கத் திரும்பியபோது கண்ணில் பட்டது. அவள் தோளில், சட்டைமேல், சிவப்பாக. ஓட்டைமேலிருந்து முதலில் உரித்தது அதைத்தான். தொலைந்துவிடக் கூடாதென்று அங்கே பத்திரப்படுத்தியதும் சாட்சாத் அவளேதான்.

சாயங்காலம் பாதி அலகோடு இருவாச்சி இறங்கியது. கம்பளி போர்த்திக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எண்ணினாள்.

எட்டு.

இந்த முறை இரண்டாம் தடவை எண்ணவில்லை. அப்பாடா என்று சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

சார்ஜென்ட் துப்பட்டாவைக் கொண்டுவந்து நீட்டினார்.

“ஓடி வந்து நிறுத்துனவங்கள இங்க யாரும் திட்ட மாட்டாங்கம்மா. சந்தேகத்த மனசுலயே வெச்சுக்கிட்டு சும்மா நின்னவங்களத்தான் திட்டுவோம்.”

மறுநாள் மறுபடி டேப் ஒட்டி, அலகை முடித்து, கண்ணையும் வைத்தாள். டேப்புகளை உரித்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள்.

சார்ஜென்ட் சுற்றி வந்து தலையசைத்தார்.

விசிறி சுழலவில்லை.

பைலட் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கணம் புரியவில்லை. பிறகு அவசரமாக உள்ளங்கையைத் திறந்து எண்ணினாள்.

ஏழு விரல்களை உயர்த்திக் காட்டினாள்.

விசிறி சுழலத் தொடங்கியது.