போட்டு வாறம்

லண்டனில், ஹவுன்ஸ்லோவுக்குப் போகும் நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையாமல் நிற்கின்றன. மேற்கே சரியும் மாரிக்கால வெயில் நித்தியானந்தனின் கண்ணைக் குத்துகிறது. காலிசெய்த டூட்டிங் வீட்டுச் சாமான்கள் எல்லாம் வாடகை வான் வண்டியின் பின்பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. சுவாமிப் படங்களைக்கூடப் போர்வையில் சுற்றி அங்கேதான் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் லொறிகள் ஒட்டி நிற்பதால் கதவைத் திறந்து இறங்கவும் வழியில்லை. முதுகுக்குப் பின்னால், பெட்டித் தகரத்தில், விரலை மடக்கித் தட்டும் சத்தம் கேட்கிறது. "அலுமாரி ஆடுதுபோல கிடக்கு," என்கிறாள் பக்கத்தில் இருக்கும் மனைவி நகுலேஸ்வரி. நிற்கிற வாகனத்தில் அலுமாரி எப்படி ஆடும்? அந்தத் தட்டல் அவனுக்குத் தெரியும். பிரான்சுக் கரையில், இங்கிலாந்துக்குப் புறப்பட்ட குளிரூட்டி லொறியில் அவனுக்கு மட்டும் இடமில்லாமல் போன அன்று, ஏறிய பெடியள் கதவு மூடியதும் உள்ளேயிருந்து இப்படித்தான் தட்டினார்கள். "போட்டு வாறம் அண்ணை!" போகிறோம் என்று சொல்லக்கூடாதே என்று, போய் வருகிறோம் எனச் சொன்ன சொல். அவர்களில் ஒருவரும் உயிரோடு இறங்கவில்லை. இப்போது ஹீட்டர் முழு வேகத்தில் ஊதியும் அவனுடைய மூச்சு புகையாய்ப் போகிறது. கண்ணாடியின் உட்புறத்தில் பனி பூக்கிறது. தட்டல் பல கைகளாகிறது. பிறகு, விறைத்த நாக்கால் பேசுவதுபோல ஓர் இளங்குரல், "அண்ணை, வந்திட்டம்," என்கிறது. அவன் மனைவியின் வாயைப் பொத்தக் கையை நீட்டுகிறான். வாசலில் எவர் குரல் கேட்டாலும் சொல்லிப் பழகிய வாய், அதற்குள் சொல்லிவிடுகிறது: "வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ."